சாய்கோடு

அம்மாவின் அடையாள அட்டையில் அவர் பெயருக்கும் தாத்தாவின் பெயருக்கும் நடுவே 'டி/ஓ' என்று இருந்தது. இன்னாருடைய மகள் என்று பொருள். ஆண்களுக்கு 'எஸ்/ஓ'. குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாத எங்களை அட்டைக்குள் அடக்க யாரோ எப்போதோ கண்டுபிடித்த வழி அது. சிங்கப்பூர்த் தமிழர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே அந்தச் சாய்கோடு விழுந்துவிடும். கல்யாணம் ஆனாலும் போகாது.

அந்த ஆண்டு நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்துக்கு நாட்டின் இணையப் பாதுகாப்புக் கொள்கையை மதிப்பிடும் பணி கிடைத்திருந்தது. எங்கள் கேள்விகள் மூன்று. கொள்கையில் சொன்னதைச் செய்தார்களா? செய்ததால் பாதுகாப்பு கூடியதா? கூடியதென்றால் யாருக்கு? மூன்றாவதை நான் சேர்த்தேன். குழுவில் யாரும் எதிர்க்கவில்லை. அதற்குப் பதில் தேட யாரும் முன்வரவும் இல்லை.

அதே சமயம் அம்மாவும் வேலை தேடிக்கொண்டிருந்தார். பேரங்காடியில் காசாளராக நின்று நின்று முழங்கால் போன பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், பாலர் பள்ளி உதவியாசிரியர் படிப்பை முடித்திருந்தார். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எல்ஆர்டி ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பாலர் பள்ளிக்குத் தமிழ் உதவியாசிரியர் தேவைப்பட்டது. உட்கார்ந்து கதை சொல்கிற வேலை, அதுவும் வீட்டுப் பக்கத்தில். அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இது என்னைத் திட்டுது, பாரு."

பெயர்க் கட்டம் சிவந்திருந்தது. அனுமதிக்கப்படாத குறியீடு. அதன் கீழே: சந்தேகத்துக்குரிய நடவடிக்கை, உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

"நான் என்னடி பண்ணேன்? என் பேரைத்தானே போட்டேன்?"

"ஸ்லாஷ எடுத்துட்டுப் போடுங்கம்மா."

"அதையும் பண்ணிட்டேன்லா. ஐசி கார்டுல இருக்கற பேரு இது இல்லங்குது. வச்சா திருடிங்குது, எடுத்தா பொய்க்காரிங்குது."

காரணம் எனக்குத் தெரியும். தாக்குகிறவர்கள் பெயர்க் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகக் கட்டளைகளைத் தட்டுவார்கள். அதில் சாய்கோடு, மேற்கோள் குறி போன்றவை வரும். அந்தக் கட்டத்தைக் காக்கச் சொல்கிறது கொள்கை. அது சரிதான். முறையாகக் காப்பதென்றால், எது வந்தாலும் அதை வெறும் பெயராக மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும். சுலபமான வழி, குறியையே தடை செய்துவிடுவது. பூட்டு நன்றாக இருந்தால் யார் கதவைத் தட்டினாலும் கவலையில்லை. இவர்கள் பூட்டை விட்டுவிட்டுத் தட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தின் அடியில் அதை வடிவமைத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. எங்கள் மதிப்பீட்டில் நல்ல உதாரணமாகக் காட்டவிருந்த நிறுவனம். மறுநாள் குழுத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன், விண்ணப்பித்தது என் அம்மா என்பதையும் சேர்த்து. போய்ப் பார்த்து வர அனுமதித்தார்.

அங்கே என் வயதுப் பொறியாளர் ஒருவர் பெரிய திரையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார். 'தடுக்கப்பட்ட தாக்குதல்கள்.' கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எதைத் தாக்குதல் என்று எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். பெயர்க் கட்டத்தில் வரும் தடை செய்த குறிகள் எல்லாவற்றையும் என்றார். சிலவற்றைக் காட்ட முடியுமா என்றதும் உற்சாகமாகத் திரையை நகர்த்தினார். டி/ஓ. எஸ்/ஓ. எஸ்/ஓ. டி/ஓ. இடையிடையே '@' போட்ட பெயர்கள். அட்டையில் மறுபெயர் இருக்கும் சீனர்களும் மலாய்க்காரர்களும் அவர்கள்.

"தாக்குகிறவர்கள் இந்தியப் பெயர்களை நிறையப் பயன்படுத்துகிறார்கள்," என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கேலி இல்லை. ஆராய்ந்து கண்டுபிடித்த முகம்.

அவை மனிதர்களின் பெயர்கள் என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துவிட்டால் கோடு விழுந்துவிடுமே," என்றார். "எங்கள் பாதுகாப்புச் சான்றைப் புதுப்பிக்க வரும் அதிகாரிகள் ஏன் விழுந்தது என்று கேட்பார்கள்."

வெள்ளிக்கிழமை அம்மா அட்டையையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு பாலர் பள்ளிக்கே போனார். மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பினார்கள். மாலையில் அந்த வேலை அறிவிப்பு இணையப் பக்கத்திலிருந்து போய்விட்டது.

கண்டதையெல்லாம் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதினேன். குழுத் தலைவர் என்னைத் தேக்கா சந்தைக்குச் சாப்பிட அழைத்துப் போனார். அவரும் தமிழர்தான். அலுவலகத்தில் ஆங்கிலம் தவிர எதுவும் பேசமாட்டார்.

"அந்தப் பாராவை எடுத்துடும்மா."

"ஏன்ணே?"

"ஆபீஸ்ல பாஸ், பிரியாணி வந்தா அண்ணனா?" என்று சிரித்தார். "தப்புன்னு சொல்லல. ஆனா அது உங்கம்மா. வெளிய தெரிஞ்சா, நம்ம மத்த ஃபைண்டிங்ஸ் எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"வேற யாராச்சும் அம்மாவா இருந்தா எழுதலாமா?"

"வேற எந்த அம்மாவும் நம்மகிட்ட வந்து சொல்லலையே."

"நான் ஸ்க்ரீன்ல பாத்தேன். வரிசையா இருந்தாங்க."

"அது அட்டாக் லிஸ்ட்மா." சொன்ன பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். "எனக்கும்தான் எஸ் ஸ்லாஷ் ஓ இருந்துச்சு. மொத வேலைக்குப் போறப்பவே எடுத்துட்டேன். அம்மாவையும் எடுக்கச் சொல்லு. இங்க மாடியிலயே பேரு மாத்திக் குடுக்கற லாயர் இருக்காரு, சின்ன வேலைலா."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் கசக்கிறது. என் பத்தி பின்னிணைப்பில் ஒரு வரியானது: 'சில பெயர் வடிவங்களுக்குச் சிறு அசௌகரியம் ஏற்படலாம்.' ஏறும் கோடு முதல் பக்கத்துக்குப் போனது. யாருக்கு என்ற கேள்விக்கு எதிரே, பொதுமக்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். என் பெயரும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

வழக்கறிஞரைப் பற்றி நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். சில மாதங்கள் கழித்து சுவா சூ காங்கில் இன்னொரு பாலர் பள்ளி ஆள் தேடியபோது, அம்மா புதிய அடையாள அட்டையை என் முன் வைத்தார். இரண்டு பெயர்கள், நடுவே வெறும் இடைவெளி.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

"பேரு ரெண்டும் அப்படியேதானே இருக்கு? மகள்ங்கறதுதான் போச்சு. உங்க தாத்தா கோச்சுக்க மாட்டாரு." அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். "மாத்துனதும் சட்டுனு எடுத்துக்கிச்சு தெரியுமா? ஒரு கேள்வி கேக்கல."

நேர்காணலுக்கு நான் விடுப்பு எடுத்து உடன் போனேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், படம் ஒட்டிய கதை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவேற்புப் பெண் கதவைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, "மேடம்" என்று சொல்லித் தாத்தாவின் பெயரைக் கூப்பிட்டாள். நடுவே குறி இல்லாவிட்டால் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மா அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாம் முறை கூப்பிட்டதும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, "யெஸ், யெஸ், நான்தான்," என்று உள்ளே போனார்.