லோசலினேயின் குரலை அணைக்கும் ஊர்

லோசலினே நர்ஸ் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வவாவு தீவின் கோடியில் இருக்கிற அந்த ஊரில், மீன்முள் குத்திய கையோ விடாத காய்ச்சலோ, எதுவானாலும் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவள் தெருவில் வருவதைப் பார்த்தாலே சர்க்கரை வியாதிக்காரர்கள் கையிலிருக்கும் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். அப்படிப்பட்டவளின் பேச்சை ஊரே சேர்ந்து ஆறு வாரமாகப் பாதியில் அறுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் தலைநகரில் சுகாதார விளம்பரம் தயாரிக்கும் சமியுவேலாவின் கைவண்ணம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்ய ஒரு டாக்டரம்மா வரப்போகிறார், பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றே நாள் இருப்பார், விட்டால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்துத்தான்.

"உங்க குரல்லயே ரேடியோவுல சொல்லுங்க நர்சம்மா. ஊர்க்காரங்க குரல்னாதான் நம்புவாங்க" என்றான் சமியுவேலா.

அவளும் இடம், நாள், நேரம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் கொடுத்தாள். அதற்கு முன்னால் அவன் ஒரு தேவாலயப் பாட்டைச் சேர்த்தான். பின்னணியில் ஒரு பெண்ணை அழவிட்டான். "கேட்டா நெஞ்சு உருகணும்" என்பது அவன் கட்சி.

மாலைச் செய்திக்கு முன்னால் தேவாலயப் பாட்டு வந்தால் அது சாவு அறிவிப்பு. யார் போனது என்று தெரியவேண்டுமே! கிழங்கு சீவுகிற கைகள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டும். சத்தம் நன்றாகக் கூடியபின் லோசலினேயின் குரல், "பெண்களே, உங்கள் கருப்பை" என்று ஆரம்பிக்கும்.

அவ்வளவுதான். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு வரலாமா? ஆண்கள் பாய்ந்து வானொலியை அணைத்துவிட்டு வெளியேறுவார்கள். பெண்கள் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். வீட்டில் சகோதரி இல்லாவிட்டாலும் தப்ப வழியில்லை, பேசுகிறவளே சகோதரியாயிற்றே. சித்தப்பா பிள்ளை, மாமா பிள்ளை எல்லாரும் அங்கே உடன்பிறப்புத்தான். அந்தக் கணக்கில் ஊரில் பாதி ஆண்கள் அவளுக்கு அண்ணன் தம்பிகள். ஏன், அவளாலேயே அதைக் கேட்க முடிந்ததில்லை. பாட்டு தொடங்கியதும் கூச்சத்தில் அவளும் அணைத்துவிடுவாள்.

இருபத்துமூன்று வீடுகளுக்கு நடந்துபோய் விசாரித்தாள். அறிவிப்பு கேட்டீர்களா? கேட்டோம். என்ன சொன்னது?

"யாரோ செத்துப்போயிட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"யாரு?"

"அதுக்குள்ள என் அண்ணன் அணைச்சிட்டாரு."

சமியுவேலாவோ தொலைபேசியில் துள்ளினான். "பத்துக்கு ஒம்பது பேருக்கு ஞாபகம் இருக்காம், நர்சம்மா! கணக்கெடுத்துட்டோம்."

"என்ன ஞாபகம் இருக்காம்?"

"பாட்டு."

"பாட்டுக்கா புத்து வந்திருக்கு?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தாள்.

அவள் கத்தியதற்குக் காரணம் அடுத்த வீட்டில் இருந்தது. தம்பி பௌலியாசியின் மனைவி பிசிலாவுக்கு மூன்று மாதமாக நாள் கணக்கில்லாமல் ரத்தம் போகிறது. துணி துவைக்கும் இடத்தில் வாய்க்குள்ளேயே சொல்லியிருந்தாள்.

"டாக்டரம்மா புதன்கிழமை வர்றாங்க. நீ போயே ஆகணும்" என்றாள் லோசலினே.

"வேண்டாம் அண்ணி. அந்த அழுகைச் சத்தமே சாவு வீடு மாதிரி இருக்கு. போனா அவங்க சொல்லிடுவாங்க. சொல்லிட்டா செத்துருவேன்."

"சொல்லாட்டா சாகமாட்டியா?"

"கோவிக்காதீங்க. அவரு வேன்ல கூட்டிட்டுப் போகணும். எதுக்குன்னு கேப்பாரே? உங்க தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"உன் புருஷன்டீ அவன்! உனக்கென்ன வெக்கம்?"

"உங்க குரல்ல கேட்ட விஷயமாச்சே அண்ணி. நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு."

லோசலினே ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். நெஞ்சை உருக்கப் போன சமியுவேலா பிசிலாவின் காலை உருக்கி இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டான். பேசிப் புரியவைக்கலாம் என்றால் தம்பியிடம் இந்தப் பேச்சை அவள் எடுக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து, மண்ணைத் தோண்டி மூடிவைத்த குழியடுப்பைத் திறந்ததும், பௌலியாசி வழக்கம்போல முதல் தட்டை அக்காவுக்குக் கொண்டுவந்தான். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த ஆட்டிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்திருந்தான். ஆறடி ஆள், அக்கா முன்னால் பார்வையைத் தாழ்த்தியே நின்றான். அந்த ஊரில் ஆண்களுக்குச் சகோதரி சொல்தான் சட்டம். வேறு எது கேட்டாலும் செய்வான், கூரையைப் பிரித்துக் கொடு என்றால்கூட. இந்த ஒன்றைத்தான் காதில் வாங்கமாட்டான்.

வாங்காவிட்டால் என்ன? அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வாரம் வீணாகிவிட்டதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு வேன் வேணும்."

"சரிக்கா."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. பிசிலாவும் வரணும்."

ஒரு கணம் அவன் கழுத்து சிவந்தது. "சரிக்கா."

"சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"நீங்க சொன்னா சரிதான்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அல்லவா பதில் வரும்!

தட்டை அப்படியே வைத்துவிட்டு, அன்று மதியமே வண்டி வைத்திருக்கும் இன்னும் மூன்று சகோதரர்களின் வீட்டுக்குப் போய் அதே நாலு வாக்கியத்தைச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்களிடம் மட்டும் தனியாக உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா, எதைக் கழற்றவேண்டும், எதை வேண்டாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு கிழவி, "இவ்வளவுதானா? நான் வெட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

புதன்கிழமை நாலு வேனில் இருபத்தாறு பெண்கள். ஆஸ்பத்திரி மாமரத்தடியில் நாலு ஆண்கள், மரியாதையான இடத்துக்குப் போகும் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் யாரும் பாராமல்.

"எதுக்கு வந்திருக்கோம்?" என்றான் ஒருவன்.

"கண்ணு டாக்டர்னு நெனைக்கிறேன்" என்றான் பௌலியாசி.

"என் பொண்டாட்டிக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது. நேத்து நான் காவா குடிச்சிட்டுத் தள்ளாடி வந்ததைத் தெருக்கோடியிலேயே பாத்துட்டா."

"அப்ப பல்லா இருக்கும்."

"ஆமா, பல்லுதான்."

நாலு பேரும் பல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

உள்ளே டாக்டரம்மா பிசிலாவின் கருப்பை வாயில் ஒரு புண்ணைக் கண்டார். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் பிசிலா சரியாகச் சாப்பிடவில்லை. லோசலினே தினமும் திட்டிச் சாப்பிட வைத்தாள். முடிவு வந்தது. புற்று இல்லை. இன்னும் ரெண்டு வருடம் விட்டிருந்தால் ஆகியிருக்கும். பிசிலா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் புண்ணைச் சுட்டு நீக்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பினாள். அந்த முறையும் பௌலியாசிதான் ஓட்டினான். பல்லைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

மறுநாளே சமியுவேலாவின் ஃபோன். "இருபத்தாறு பேராம்! அறிவிப்பு வேலை செஞ்சிருச்சு நர்சம்மா. அடுத்த தடவைக்கும் அதையே போடுறோம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை, அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, தம்பி வீட்டு ஜன்னலிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. சத்தம் கூடியது. "பெண்களே" என்று அவள் குரல் தொடங்கியதும் வழக்கம்போலப் பௌலியாசி வாசலில் வெளிப்பட்டான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தோட்டத்துப் பக்கம் போனான்.

வானொலி அணையவில்லை. அவன் அணைக்காமல் போயிருந்தான்.

உள்ளே பிசிலாவும் மகளும் இருந்தார்கள். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு லோசலினே அசையாமல் நின்றாள். முதல் தடவையாகத் தன் குரலைக் கடைசி வரை கேட்டாள். அழுகை வந்தது, போனது. இடமும் நாளும் நேரமும் வரவேண்டிய இடத்தில் பாட்டு மறுபடி எழுந்தது. அதோடு முடிந்தது.

வெட்டியிருக்கிறான். பாட்டுக்கு இடம் போதவில்லை என்று, எங்கே எப்போது வரவேண்டும் என்பதையே வெட்டியிருக்கிறான்.

துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"சமியுவேலா," என்றாள், "உக்காந்திருக்கியா? உக்காரு."