முப்பத்தெட்டாம் ஜாயிண்ட்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் கோந்துதான். இருபத்திரண்டு வருஷமாக வெல்டர். "கட்டினா அவுத்துடலாம், முடுக்கினா கழட்டிடலாம், நான் பத்த வச்சா வெட்டித்தான் எடுக்கணும்" என்று பீற்றிக்கொள்வார். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

யானைக்கும் அடி சறுக்கும். இந்த வருஷம் அவருடைய இரண்டு ஜாயிண்ட்கள் எக்ஸ்ரேயில் தோற்றுவிட்டன. மூன்றாவதும் தோற்றால் வெல்டர் கார்டை ஒரு வருஷத்துக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். கார்டு இல்லாத வெல்டரை எந்தப் பட்டறையும் வாசலோடு அனுப்பிவிடும். வீட்டில் மனைவி, கல்லூரிக்குப் போகவேண்டிய மகள். சம்பாதிப்பது இவர் ஒருவர்தான்.

அன்று சலவை ஆலையில் புது நீராவிக் குழாயைத் திறக்கும் நாள். மொத்தம் நாற்பத்தொரு ஜாயிண்ட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோந்துவின் எண், இருபத்தேழு, இரும்பில் அடித்திருந்தது. எக்ஸ்ரேக்காரர் நான்கைப் பொறுக்கிப் படம் பிடித்தார், நான்கும் தேறின. எல்லாரும் சிரித்தார்கள். கோந்துவுக்கு மட்டும் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

காரணம், அந்த நான்கில் சேராத முப்பத்தெட்டாம் ஜாயிண்ட். பற்றவைக்கும் ராடுகளை மின் அடுப்புப் பெட்டியில் சூடாக வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆறிப்போனால் ஈரம் குடிக்கும், அந்த ஈரம் ஜாயிண்ட்டுக்குள் போய் இரண்டு மூன்று நாள் கழித்து விரிசல் விடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன வியாழக்கிழமை மகளின் பரீட்சை முடிவு வரவேண்டிய நேரம், போனில் சார்ஜ் இல்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக், அதில் பெட்டி. பத்து நிமிஷம்தானே என்று பெட்டியைப் பிடுங்கிவிட்டு போனைச் செருகினார். மகள் பாஸ். சந்தோஷத்தில் பெட்டியை மறந்தே போனார். முப்பத்தெட்டை முடித்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால் பெட்டி சில்லென்று இருந்தது. யாரைக் குற்றம் சொல்ல? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

அந்த முப்பத்தெட்டுக்கு நேர் கீழே வால்வு. ஜாயிண்ட் விட்டால் கொதிக்கும் நீராவி அங்கே நிற்பவன் மேல்தான். வால்வைத் திறக்கப் போகிறவன் பாய்லர் ஆபரேட்டர், கோந்துவின் மனைவிக்குத் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே கோந்துதான்.

மணி பத்தாக ஐந்து நிமிஷம். கோந்து அவன் தோளைப் பிடித்தார்.

"டேய், நீ போய் டீ குடிச்சிட்டு வா. வால்வை நான் தொறக்கறேன்."

"என்ன மச்சான் விளையாடறீங்க? உங்களுக்கு வெல்டிங், எனக்கு வால்வு. ஃபோர்மேன் பார்த்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாரு."

"அப்ப கொஞ்சம் தள்ளியாவது நில்லேன்டா."

"தள்ளி நின்னா கை எட்டுமா? என்ன இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு? உங்க ஜாயிண்ட் மச்சான்! அதுக்கு அடியில பாயைப் போட்டுத் தூங்குவேன் நான்."

அவன் சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினான். கோந்துவுக்கு இரண்டு மனம். ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம், ஆகிவிட்டால் அக்காள்காரி முகத்தில் எப்படி விழிப்பாய் என்று இன்னொரு மனம். பாய்லர் உறுமியது. ஃபோர்மேன் கையை உயர்த்தினார். அவன் வால்வுச் சக்கரத்தைப் பற்றினான்.

"நிறுத்து! தொறக்காதே!"

இவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது கோந்துவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபோர்மேன் ஓடி வந்தார். கோந்து பிளக், போன், பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"கோந்து, இது மூணாவது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காதே, மனுஷா!"

"அவன் கீழ நிக்கறானே சார்."

பாய்லரை அணைத்துவிட்டு முப்பத்தெட்டை வெட்டி எடுத்தார்கள். துண்டைப் பிளந்து, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் குனிந்து நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பொடி வெள்ளையாகவே இருந்தது. ஒரு மயிரிழைகூட இல்லை.

"அட, நல்லாத்தானே இருக்கு!" மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "சார், அவர் கார்டைக் குடுத்துடுங்க."

"ஆறின ராடுன்னா தோல்விதான்பா. சட்டம் நான் போட்டதில்ல." ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்டைப் பைக்குள் வைத்தார்.

"எதுக்கு மச்சான் வாயை விட்டீங்க? ஒரு வருஷம் என்ன பண்ணுவீங்க?"

கோந்துவுக்கு அழுகை முட்டியது. கார்டு போன துக்கமா, அவன் முழுசாக எதிரே நிற்கிற நிம்மதியா, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "நீ அங்க நிக்கறப்ப எனக்கு இது தெரியாதேடா" என்றார்.

இன்னொரு வெல்டர் வந்து புதுத் துண்டை வைத்துப் பற்றவைத்து, தன் எண்ணை அடித்துவிட்டுப் போனார். மூன்று நாள் பொறுத்து அந்த ஜாயிண்ட்டையும் எக்ஸ்ரே எடுத்தார்கள், தேறியது. நான்காம் நாள் மறுபடி பாய்லர் மூட்டினார்கள். கோந்து இரும்புத் துண்டுகளைச் சுமந்து, தரை கூட்டும் வேலையில் இருந்தார். ஃபோர்மேன் கையை உயர்த்தினார். மைத்துனன் வால்வில் கை வைத்தபடி திறக்காமல் நின்றான்.

"என்னப்பா, தொற!"

அவன் ஃபோர்மேனைப் பார்க்கவில்லை. துடைப்பத்தோடு நின்ற கோந்துவைப் பார்த்தான்.

"மச்சான், தொறக்கலாமா?"

கோந்து அண்ணாந்து ஜாயிண்ட்டைப் பார்த்தார். பிறகு, திறப்பைப் பார்க்க வந்து நின்ற அந்தப் புது வெல்டரைப் பார்த்தார்.

"ராடு சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"தொறடா" என்றார் கோந்து.