வீட்டுக்குள் பெய்த மழை

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்றுப் போக வழி விடவேண்டும் என்று, போன மாதம் எங்கள் வீட்டுக்கு சீலிங் அடிக்க வந்த தச்சு பாஸுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சேர் இஞ்சினியரா?" என்றார். இல்லை. நான் ஓர் ஆணியை நேராக அடித்ததாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை எவராலும் அசைக்க முடியாது. நான் படித்த இடம் கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான ஒரு லயக் காம்பரா. வாத்தியார், அம்மாவின் தம்பி.

எனக்கு எட்டு வயதில் தங்கச்சி பிறந்தாள். மாதம் முந்திப் பிறந்தவள். குளிர் மட்டும் பட்டுவிடக் கூடாது என்று நர்ஸ் மூன்று தடவை சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினாராம். அதுவோ தை மாதம். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். எங்கள் தலைக்கு மேலே வெறும் தகரம். குசினி அடுப்பின் சூடு காம்பராவை எட்டிப் பார்த்துவிட்டு, நேரே தகரம் வழியாகக் கிளம்பிவிடும். தோட்டம் முழுவதையும் எங்கள் விறகில்தான் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

லயத்தின் அந்தக் கோடியில் தனியாக இருந்த மாமா வந்து அண்ணாந்து பார்த்தார். "அக்கா, நாளைக்கு இந்த வீட்டுல உனக்கு வேர்க்கலன்னா என் பேர மாத்திக்கிறேன்."

உரப் பைகளைக் கழுவி, பிரித்து, தைத்து, தகரத்தோடு ஒட்ட ஒட்ட அடித்தார். சுவருக்கும் தகரத்துக்கும் இடையே ஓடிய சந்தில் பழஞ்சீலைகளைத் திணித்தார்.

அதிகம் பேசாத அப்பா, "கொஞ்சம் சந்து விடு மாப்ள. வீடு மூச்சு விடணும்ல" என்றார்.

"வீடு மூச்சு விட்டா பிள்ள விடாது மச்சான். நீங்க சும்மா இருங்க."

நான் மல்லாந்து படுத்து ஆராய்ந்து, மூலையில் ஒரு வெளிச்சப் பொட்டைக் கண்டுபிடித்தேன். "மாமா, இங்க ஒரு ஓட்ட!" சீலை தீர்ந்திருந்தது. மாமா வெளியே போய், ஒரு பழுப்புக் கம்பளியோடு வந்து அதையும் அடைத்தார். "கெட்டிக்காரன்டா நீ!"

இரண்டு நாள் எங்கள் காம்பராவே துரை பங்களாவாக இருந்தது. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. மாமாவும் விடியுமுன்னே வந்து, எங்கள் அடுப்புக்குள் இறங்கிவிடுகிறவர் மாதிரி ஒட்டி உட்கார்ந்து தேநீர் கேட்பார். அம்மாவின் தேநீர்மேல் அப்படி ஓர் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள லிந்துலையிலிருந்து அத்தை வந்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு இலை போட்டுக் கொதித்த தண்ணீரை ஆவி பறக்க ஊற்றுவது வழக்கம். காம்பரா இப்படிக் கதகதப்பாக இருக்கும்போது பின்பக்கத்துக் குளிருக்கு எதற்குப் போவது? உள்ளேயே ஊற்றினார்கள், இரண்டு நாளும் இரண்டு பெரிய பானை.

மூன்றாம் நாள் காலை, பெருமையாக மேலே பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. "தகரம் ஒழுகுதோ?"

"மழையே இல்லையே மாப்ள" என்றார் அப்பா.

மேலே தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டிருந்த உரப் பை அப்போது தையல் பிரிந்தது. அத்தை பிள்ளையை வாரிக்கொண்டு குசினிக்கு ஓடினார். தண்ணீர் மொத்தமும் மாமாவுக்குத்தான். பிள்ளை நனையவில்லை என்று தெரிந்ததும் அத்தை வாசற்படியில் நின்று, "எல்லாரும் மழைய வெளிய நிறுத்துவாங்க. நம்ம தம்பி உள்ளயே பெய்ய வச்சிருச்சு!" என்றார். லயம் முழுக்கச் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

சூடு மேலே போகும்போது ஈரத்தையும் கையோடு கூட்டிப் போகும். வெளியேற வழியில்லாவிட்டால் ஈரம் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராகி நம் தலைக்கே திரும்பும். அன்றைக்கே அப்பா பைகளைத் தகரத்திலிருந்து ஒரு சாண் இறக்கிக் கட்டினார். அவற்றுக்கு மேலே இரண்டு பக்கமும் சந்தைத் திறந்துவிட்டார். குளியல் பின்பக்கம் போயிற்று. வீடு காய்ந்தது, சூடும் உள்ளேயே தங்கியது. தங்கச்சி இன்று என்னைவிடப் பருமன்; அவள் இதை வாசிக்க மாட்டாள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

சந்தைத் திறந்தபோது அந்தக் கம்பளி சொட்டச் சொட்ட வெளியே வந்தது. அப்பா அதைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு ராவா நீ என்னத்தடா போத்துன?"

"சாக்குதான் மச்சான். நல்லாத்தான் இருக்கு" என்று மாமா சிரித்தார். பல் கிட்டியது.

அப்பா உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்துவந்து மாமாவின் தோளில் போர்த்தினார். வீட்டுக்குள் மழை பெய்ய வைத்தவருக்குப் பரிசு. ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்த எனக்கு ஒன்றுமில்லை. அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.