மொறிஸ் மைனரின் பின்சீற்

கோப்பாயில் ஒருவருடைய பழைய மொறிஸ் மைனர் காருக்குச் சீற் தைத்துப் பூட்டப் போயிருந்தேன். எழுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். ஐந்து வருடமாகத் தனியே கழற்றிப் பூட்டிய காரைச் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்ராட் பண்ணிப் பாத்தனீங்களோ ஐயா?"

"இல்லைத் தம்பி. சண்டைக்காலத்திலை இது மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோல் வேணும். அதுக்கு அப்ப தடை. மனிசி பிள்ளைத்தாச்சி. அவசரத்துக்கு இஞ்சின் பிடிக்குமோ எண்டு காலமை ஒருக்காப் பாத்தன். பிடிச்சுது. கிடந்த பெற்றோல் அதோடை முடிஞ்சுது. பின்னேரம் அவவுக்கு வயித்து நோ தொடங்கீட்டுது. ஆசுப்பத்திரிக்குச் சைக்கிளிலைதான் ஏத்தினன். தாயும் பிள்ளையும் வழியிலையே செத்துப் போட்டினம்."

இப்போது தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது.

வேலை முடிந்ததும், "முன்னுக்கு இருந்து பாருங்கோ" என்றேன். அவர் பின்கதவைத் திறந்து, ஒருவர் படுக்கப் போதுமா என்று சீற்றைச் சாண் சாணாக அளந்தார்.