லிட்டருக்கு ஆறு

சைலன்சர் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுப்பார் மெக்கானிக் ஜம்புலிங்கம். விரல் மையில் தோய்த்தது போல் வந்தால், வண்டி பெட்ரோலை எரிக்காமல் துப்புகிறது. சாம்பல் பூத்து வந்தால் இஞ்சின் மேல் குற்றமில்லை. பார்த்த விரலை ஷெட் சுவரில் இழுத்துத் துடைப்பார். மண்ணூர்பேட்டையில் அந்தச் சுவர் முழுக்க விரல் கோடுகள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனை, "செவுத்துல கைய வச்சே, ஒதைப்பேன்" என்று விரட்டிவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும். சைக்கிளில்தான் வருவார், போவார். முதலாளிமாருக்குக் கும்பிடு கிடையாது. "வண்டிக்கு இன்னா நோவு?" என்று கேட்பார், அவர்கள் சொல்ல ஆரம்பித்ததும், "நீ சும்மாரு, அது சொல்லும்" என்று அடக்கிவிடுவார்.

கோளாறு அகப்படாவிட்டால் ஒரு சோதனை உண்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் மேடுபள்ளமில்லாத சாலையில் வேகமாக ஓட்டிப்போய், வேப்பமரத்தருகே கியரை நியூட்ரலில் தள்ளுவார். வண்டி தானாக எதுவரை உருள்கிறது என்று பார்ப்பார். பின்சீட்டில் எடைக்கு ஆள் வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் என்னைக் கூப்பிடுவார். "வா தம்பி, பேசாத மூட்ட நீதான்."

போன ஐப்பசியில் பக்தவத்சலத்தின் அம்பாசிடர் வந்தது. வார்ப்படப் பட்டறை முதலாளி. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஆறுதான் கொடுக்கிறது. டிரைவர் தேவராஜ் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்பது அவர் முடிவு. "இஞ்சின்ல ஒண்ணுமில்லன்னு நீ சொல்லு ஜம்பு, இன்னிக்கே இவன அனுப்பிடறேன்" என்றார். தேவராஜ் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

விரலில் சாம்பல்தான் வந்தது. பிளக், கார்பரேட்டர், பெட்ரோல் டியூப் எதிலும் குறையில்லை.

என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு முதலில் ஜம்புலிங்கம் ஓட்டினார். வண்டி சாலைக் கோடியில் இருந்த டிரான்ஸ்பார்மரையும் தாண்டி உருண்டது. அடுத்து தேவராஜை ஓட்டச் சொன்னார். டிரான்ஸ்பார்மர் தூரத்தில் தெரியும்போதே நின்றுவிட்டது.

"கால் எங்க கீது பார்ரா."

தேவராஜ் குனிந்தான். கிளச்சை விட்ட இடது கால் பிரேக்கின்மேல் படுத்திருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்தான்.

"பூந்தமல்லில அந்தப் பொண்ணு குறுக்க ஓடியாந்து வண்டில அடிபட்டு செத்துச்சே அண்ணாத்தே, அதிலேர்ந்துதான். கேஸுகூட முடிஞ்சிடுச்சி. காலு மட்டும் எயுந்து வரமாட்டேங்குது."

ஜம்புலிங்கம் இறங்கி முன்சக்கரத்தைத் தொட்டார். சுட்டது, கையை உதறினார். "இப்பிடி காய்ஞ்சிகினே இருந்தா, நெசமா அயுத்தும்போது பிரேக்கு புடிக்காது. இன்னொரு பொண்ணு ஓடியாந்தா?"

தேவராஜ் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "பேசாம, திருடிட்டேன்னே சொல்லிடு அண்ணாத்தே. திருட்டுப் பையன்னா வேற எவனாவது வேல குடுப்பான். பயந்துகினு ஓட்றவன்னு தெரிஞ்சா எவன் சாவி குடுப்பான்? எனக்கு இத்த வுட்டா ஒண்ணும் தெரியாது."

திரும்பும்போது ஜம்புலிங்கமே ஓட்டினார்.

ஷெட் வாசலில் பக்தவத்சலம் காத்திருந்தார். "என்ன ஜம்பு, திருடன்தானே?"

"திருடல. கை சுத்தம்."

"அப்ப பெட்ரோல் எங்க போவுது?"

"பிரேக்க மிதிச்சிகினே ஓட்றான். அதுல போவுது."

பக்தவத்சலம் சிரித்துவிட்டார். சந்தேகப்பட்ட கூச்சமும் அதில் இருந்தது. "அவ்ளோதானா? இனிமே மிதிக்காதடா தேவராஜு. சாவிய அவன்கிட்ட குடு ஜம்பு, பட்டறைக்கு நேரமாச்சு."

தேவராஜின் முகம் ஒரு கணம் தெளிந்தது. கையை நீட்டினான்.

ஜம்புலிங்கம் அந்தக் கையைத் தாண்டிப் போனார். பக்தவத்சலத்தின் உள்ளங்கையில் சாவியை வைத்து, கரி படிந்த தன் கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.