யுன்சோல் மறுத்த சாம்பல் நிற ஷார்ட்ஸ்

நா யுன்சோல் கம்பெனி வாலிபால் அணியில் யாரையும் எதிர்த்துப் பேசியவளல்ல. வலையோரம் நின்று எதிரணியின் அடியைத் தடுப்பது அவள் வேலை. ஆறடிப் பெண் எம்பி எழுந்தால் பந்தை எங்கே அடிப்பதென்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தரையில் கால் பதியும் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடும். பள்ளி அணியில் ஆடிய நாளிலேயே ஆரம்பித்தது. வயது இருபத்து மூன்று, பிள்ளை பெற்றவளுமில்லை. உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று நம்பினாள். ஆட்டத்தன்று தண்ணீரைத் தொடமாட்டாள். மூன்றாவது செட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். 'கருவாடு' என்று தோழிகள் கேலி செய்வார்கள், சிரித்து வைப்பாள்.

அந்த வசந்தத்தில் புதுச் சீருடை வந்தது. வெளிர் சாம்பல் நிற ஷார்ட்ஸ். ஒரு துளி வியர்வை பட்டாலும் காட்டிக்கொடுக்கிற நிறம்.

"இதை நான் போடமாட்டேன் சார்."

பயிற்சியாளர் குவாக் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, கலர் புடிக்கலையா? நாம என்ன ஃபேஷன் ஷோவுக்கா போறோம்?"

ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்ததென்னவோ உண்மைதான். "குதிச்சு இறங்குறப்போ எனக்கு ஒண்ணுக்கு கசியுது சார். இதுல பளிச்சுனு தெரியும்."

பந்து தூக்கிக் கொடுக்கும் பியோ சூரின்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்பாடா! அக்கா, நான் மட்டும்தான்னு நெனச்சு தினம் ரெண்டு நிக்கர் போட்டுட்டு அலையுறேன்."

"எனக்குத் தும்மினாலே வருதுடி" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு வெடித்தது. யுன்சோல் சிரித்துக்கொண்டே அழுதாள்.

குவாக் முகம் சிவக்க, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் முகம் இன்னும் சிவந்தே இருந்தது.

"எல்லாருக்கும் கறுப்புதான். ஆபீஸ்ல கேட்டா நான் பாத்துக்கறேன். அப்புறம்... அதுக்கு வைத்தியம் இருக்காம். வீட்டுல கேட்டேன்."

"போன் பண்ணிக் கேட்டீங்களா சார்?"

"பின்ன, உங்ககிட்டயா கேக்க முடியும்?"

பிசியோதெரபிஸ்ட் ஆன் ஹேரிம் சோதித்துப் பார்த்துச் சொன்னது யுன்சோலுக்குப் புதிதாக இருந்தது. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசையை அவள் நாள் முழுக்க இறுக்கியே வைத்திருந்தாள்.

"முஷ்டிய மூடியே வெச்சிருந்தா பந்தைப் புடிக்க முடியுமா? மொதல்ல தளர விடக் கத்துக்கோ. குதிக்கறதுக்கு முன்னாடி மட்டும் இறுக்கு."

கோடை முடிவதற்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஐந்து செட் இழுக்கும் ஆட்டத்தில் எப்போதாவது வரும். அதற்காக அவள் ஒடுங்கவில்லை.

குர்யோங்போ துறைமுகத்தில் மீன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாவிடமும் போனில் சொன்னாள். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ பொறந்ததுலேருந்தே எனக்கும்தான். மீன் கூடையத் தூக்கினா போதும்."

"டாக்டர்கிட்ட போகலையாம்மா?"

"இதுக்குப் போயா? ஊரே சிரிக்காது?"

அடுத்த விடுமுறை நாளில் கடையை அடைக்கவைத்து, கையைப் பிடித்து ஹேரிமிடம் அழைத்துப்போனாள். திரைக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "ஏம்மா, எம்பொண்ணு மாதிரி நானும் குதிக்கணுமா?"

திரும்பும்போது பேருந்தில், பக்கத்துக் கடைக்காரியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிவந்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"என்னாச்சும்மா?"

"சும்மா இருடி. டாக்டரம்மா சொன்ன மாதிரி இறுக்கி இறுக்கி விட்டுட்டிருக்கேன்."

யுன்சோல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் சேர்ந்து செய்தாள்.