மயில்வாகனம் கூப்பிட்டால் காகம் வரும்

எங்கள் ஊர் கட்டுக்கலையில் திவசம் என்றால் முதலில் ஐயருக்கு ஆள் போகும், அடுத்தது மயில்வாகனத்துக்கு. ஐயர் பிந்தினால் பொறுப்பார்கள். இவர் பிந்தினால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். காகம் வந்து படையல் சோற்றைத் தொடாமல் வீட்டில் ஒருவரும் வாயில் ஒன்றும் வைக்க முடியாதே!

நகரசபைக் குப்பை லொறியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். "மயில்வாகனம்னு பேர வச்சுக்கிட்டு காக்கா மேய்க்கிறாரு" என்று தெருவில் கேலி. அவர் கோபிப்பதில்லை. "ஓவசியர் லீவு போடுவாரு, காக்கா போடாது" என்பார்.

எழுபத்தெட்டாம் ஆண்டில் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கினார்கள். காகங்களும் லொறிக்குப் பின்னாலேயே குடிபெயர்ந்தன. மிச்சமிருந்தவை சந்தை மீன்கடைக் கூரையை விட்டு அசையவில்லை. அமாவாசையன்று வீட்டுக்கு வீடு 'கா... கா...' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். முன்னோர்களுக்குக் கோபம் என்று சிலர் பரிகாரம்கூடச் செய்தார்கள். பைத்தியக்காரத்தனம்!

"ஏரியையும் மரத்தையும் பாத்தா பறவை டவுனுக்கு வருது?" என்று மயில்வாகனம் என்னிடம் சொன்னார். "கொழும்பு ஹாபர்ல போய்ப் பாருங்க. மீன் கழுவுற எடத்துலதான் கடல்காக்கா நிக்கும். மனுசன் மிச்சம் வைக்கிற எடம், அவ்வளவுதான்."

அதனால் அவர் செய்த வேலை இது. மீன்கடையில் குடலைத் தாளில் சுற்றி வாங்கிக்கொள்வார். திவச வீட்டுக்குப் பின்னால் போய் மதிலுக்கு அப்பால் வீசிவிட்டுக் குரல் கொடுப்பார். ஐந்து நிமிஷத்தில் பத்துக் காகம். குடலை முடித்த கையோடு அவை இலைச் சோற்றையும் கொத்தும். சுத்த சைவமாகப் படைத்த வீட்டுக்காரர் கண்கலங்கிக் கும்பிடுவார். நான் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாலு வீட்டில் மத்தியானச் சாப்பாடு பிந்தும்.

அவர் மனைவி இரத்தினம்மா இறந்ததும் இப்படியொரு திவச நாளில்தான். "நெஞ்சு வலிக்குதுங்க, இன்னிக்குப் போகாதீங்க" என்றாள். "இந்தா வந்துர்றேன்" என்று அவர் கம்பளை ஊருக்குக் காகம் கூப்பிடப் போனார். திரும்பி வந்தபோது வாசலில் சனம் நின்றது.

அவளுடைய முதல் திவசம். மகள் சீதா முதல்நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து, ஐயர் சொன்னபடி பூசணிக்காயும் பருப்பும் சமைத்தாள். நானும் போயிருந்தேன். மயில்வாகனத்தின் கையில் தாள் பொட்டலம் இல்லை.

"இவளுக்கு அந்த வேலைய பாக்க மாட்டேன்" என்று என் காதோடு சொன்னார். "எம்மேல கோவம் இல்லேன்னா அவளா வரட்டும்."

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. கூரையில் வந்திருந்த ஒரு காகமும் கீழே பார்த்துவிட்டுப் பறந்துபோனது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

"கோவந்தான். பாத்தீங்களா? போகாதேன்னு சொன்னா. போயிட்டேனே!"

எனக்குக் கதிரையை விட்டு எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

இரண்டரைக்குச் சீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். "ஒரு வாய் சாப்பிடும்மா" என்று கெஞ்சினார். "அம்மா சாப்பிடாம மாட்டேன்" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்கு இறங்கிவிட்டார்.

திரும்பி வந்து நேரே மதிலோரம் போனார். கூப்பிடவேயில்லை. காகங்கள் வந்தன. ஒன்று இலையில் இறங்கிச் சோற்று உருண்டையைக் கவ்விக்கொண்டு போனது. அவர் தலை நிமிரவில்லை.

சீதா மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மீனா போட்டீங்க?"

"நீ கெடக்கறத பாக்க முடியலம்மா. அவ வரல. நான்தான் வரவச்சேன்."

"பின்ன எப்பிடிப்பா வருவாங்க? அம்மா ஒருநாளாவது மீன் இல்லாம சோறு தின்னிருக்காங்களா? பூசணிக்காய வச்சுக் கூப்பிட்டா எட்டிப் பாப்பாங்களா? காலையிலேயே இத வச்சிருக்கணும்!"

மயில்வாகனம் அங்கேயே குந்திவிட்டார். இரத்தினம்மாவைத் தூக்கும்போதுகூட அழாத மனிதர், மீன் நாற்றமடிக்கிற கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். சீதா உள்ளே போய் எங்கள் மூவருக்கும் சாப்பிட இலை போட்டாள்.